மதுரை கிளப்புக்கு ஆடி கோப்பை தூக்கிய டிஃபெண்டர்... இந்தியாவுக்காக 100 மேட்ச்! யார் இந்த ஆஷாலதா தேவி?

2024 அக்டோபர் 17. நேபாளத் தலைநகர் காத்மாண்டு. தெற்காசிய பெண்கள் கால்பந்து தொடரான சாஃப் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. 5-2 என்ற கணக்கில் இந்தியா ஜெயித்தது.

அந்த ஒரே மேட்ச்சில் இரண்டு மைல்கற்கள். முன்கள வீராங்கனை பாலா தேவி, சர்வதேசப் போட்டிகளில் தனது 50-வது கோலை அடித்தார். பின்களத்தில் நின்ற ஆஷாலதா தேவிக்கு அது 100-வது சர்வதேசப் போட்டி. இந்தியப் பெண்கள் கால்பந்தில் 100 போட்டிகளை எட்டிய முதல் ஆள் அவர்தான்.

கோல் அடித்தால் வீடியோ வரும், ஷேர் ஆகும். 100 மேட்ச் ஆடினால்? அதுவும் ஒரு டிஃபெண்டர், அதுவும் பெண்கள் அணியில் என்றால் பலருக்கும் பெயரே தெரியாது.

மதுரைக்காரர்கள் இவரைத் தெரிந்துகொள்ள ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மதுரை கிளப்பான சேது எஃப்.சி. இந்திய சாம்பியன் ஆனபோது அந்த அணியில் இருந்தவர் இவர். மூன்று வருஷம் கழித்து அதே சேதுவுக்கு எதிராக கோல் அடித்தவரும் இவர்தான். முழுக் கதையையும் பார்க்கலாம்.

யார் இந்த ஆஷாலதா?

முழுப் பெயர் லொய்டோங்பாம் ஆஷாலதா தேவி. 1993 ஜூலை 3-ல் பிறந்தவர். சொந்த ஊர் மணிப்பூர் தலைநகர் இம்பால். இந்தியப் பெண்கள் கால்பந்துக்கு மிக அதிகமாக வீராங்கனைகளைத் தந்த மாநிலம் அது. பாலா தேவியும் அதே மாநிலம்தான்.

ஆஷாலதா ஆடும் இடம் சென்டர் பேக். அதாவது கோல்கீப்பருக்கு நேர் முன்னால், பின்வரிசையின் நடுவில். பல ஆண்டுகள் இந்திய அணியின் கேப்டனாகவும் இருந்தார். 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் நடந்த சாஃப் இறுதிப்போட்டியில் நேபாளத்தை 3-1 என வீழ்த்தி, இந்தியா தொடர்ந்து 5-வது முறையாகக் கோப்பையை வென்றபோது கேப்டன் இவர்தான்.

டிஃபெண்டருக்கு என்ன வேலை?

இதைப் புரிந்துகொள்ள கபடியை நினைத்துப் பாருங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ராத்திரி லைட் போட்டு நடக்கிற கபடிப் போட்டியில் பாடிப் போகிறவருக்குத்தான் விசில் பறக்கும். கார்னரில் நின்று, நேரம் பார்த்து கணுக்காலைப் பிடிக்கிறவரை ஆட்டம் தெரிந்தவர்கள்தான் கவனிப்பார்கள். ஆனா அந்த கார்னர் சரியில்லை என்றால் டீம் தேறாது.

கால்பந்தில் டிஃபெண்டரும் அப்படித்தான். அவருடைய வேலையை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வேலை, ஆளைப் பிடிப்பது. எதிரணி முன்கள வீராங்கனை பந்தோடு வரும்போது அவசரப்பட்டு காலை நீட்டக்கூடாது. கோல் பக்கம் திரும்பவிடாமல், ஓரமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பெனால்டி பகுதிக்குள் ஒரு நொடி தப்புக் கணக்கு போட்டால் எதிரணிக்கு பெனால்டி. கடைசி ஆளாக நின்று, கோல் போகிற வாய்ப்பை ஃபவுல் செய்து தடுத்தால் சிவப்பு அட்டையும் வரலாம்.

இரண்டாவது வேலை, வரிசையைக் காப்பது. பின்களத்தில் நிற்கிற நான்கு பேரும் ஒரே கோட்டில் ஏறி இறங்க வேண்டும். சரியான நேரத்தில் நால்வரும் ஒன்றாக முன்னேறினால், எதிரணி ஆள் அந்தக் கோட்டைத் தாண்டி மாட்டிக்கொள்வார். அதுதான் ஆஃப்சைடு. நால்வரில் ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் அந்தத் திட்டம் காலி.

மூன்றாவது வேலை, குரல் கொடுப்பது. முன்னால் ஆடுகிறவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று தெரியாது. முழு மைதானமும் கண்ணில் படுவது கோல்கீப்பருக்கும் சென்டர் பேக்குக்கும்தான். அதனால் 90 நிமிஷமும் கத்திக்கொண்டே இருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. சென்டர் பேக்குகள் பலர் கேப்டன் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் சிக்கல் என்னன்னா, இந்த மூன்று வேலையையும் ஒழுங்காகச் செய்தால் ஸ்கோர்போர்டில் எதுவும் வராது. நடக்காமல் போன கோலுக்குக் கணக்கு கிடையாது. உலகின் பெரிய விருதான பாலன் டி'ஓரை ஆண்களில் கடைசியாக வென்ற டிஃபெண்டர் இத்தாலியின் ஃபாபியோ கன்னவாரோ. அது 2006-ல். அதற்குப் பிறகு எந்த டிஃபெண்டருக்கும் அது கிடைக்கவில்லை.

ஆக, ஒரு டிஃபெண்டர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல நம்பகமான எண் ஒன்றுதான்: எத்தனை முறை அவரைத் திரும்பத் திரும்ப அணியில் எடுத்தார்கள் என்பது. ஆஷாலதாவின் 100 அதனால்தான் பெரிய எண்.

பெண்கள் அணியில் 100 ஏன் அவ்வளவு கஷ்டம்?

ஆட மேட்ச் இருந்தால்தானே எண்ணிக்கை ஏறும்?

2009-ல் இந்தியப் பெண்கள் அணி ஃபிஃபா தரவரிசைப் பட்டியலில் இருந்தே நீக்கப்பட்டது. தோற்றதால் அல்ல, 18 மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேசப் போட்டியும் ஆடாததால். ஆஷாலதா அப்போது பதின்ம வயதில் இருந்தார்.

உள்ளூர் நிலைமையும் அதேதான். பெண்களுக்கான தேசிய லீக்கான இந்தியன் விமன்ஸ் லீக் தொடங்கியதே 2016-17 சீசனில்தான். ஆஷாலதாவுக்கு 23 வயது ஆகும்வரை நாட்டில் பெண்களுக்கு என்று ஒரு தேசிய கிளப் லீக் கிடையாது.

ஆண்கள் அணியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். சுனில் சேத்ரி தனது 100-வது சர்வதேசப் போட்டியை 2018 ஜூனில் மும்பையில் ஆடினார். மைதானத்துக்கு வந்து பாருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்ட வீடியோ அதற்கு முன்பு நாடு முழுக்கப் பரவியது. டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. அதே எண்ணை ஒரு பெண் டிஃபெண்டர் தொட்டபோது நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

மதுரைக்கு என்ன தொடர்பு?

மதுரையில் இருந்து அருப்புக்கோட்டை போகிற வழியில் காரியாபட்டி. பக்கத்தில் புல்லூரில் சேது பொறியியல் கல்லூரி. கரிசல் காடும் கருவேல மரமுமாகத் தெரிகிற இந்தப் பகுதியில் இருந்துதான் சேது எஃப்.சி. கிளம்பியது. 2016-ல் தொடங்கப்பட்ட கிளப் இது. ஆண்கள் அணி பெயரை வைத்துக்கொண்டு பெண்களுக்கும் ஒரு அணி என்று தொடங்கியது அல்ல. பெண்கள் கால்பந்தை வைத்தே தேசிய அளவில் பெயர் எடுத்த கிளப்.

2018-19 சீசனில் ஆஷாலதா இந்த அணியில் இருந்தார். பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். லீக் முழுவதும் பஞ்சாபின் லூதியானாவில், 2019 மே மாதம் நடந்தது.

மே 22 இறுதிப்போட்டியில் எதிரே நின்றது மணிப்பூர் போலீஸ். சாதாரண அணி இல்லை. அந்தத் தொடரில் மட்டும் 26 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவர் பட்டியலில் முதலிடம் பிடித்த பாலா தேவியின் அணி அது. அவ்வளவு கோல் அடித்த அணியை ஒரே ஒரு கோலோடு நிறுத்தி, 3-1 என ஜெயித்து, சேது முதல்முறையாக இந்தியாவின் பெண்கள் சாம்பியன் ஆனது.

2019-ல் எதிரெதிர் அணிகளில் இருந்த பாலாவும் ஆஷாலதாவும்தான் ஐந்து வருஷம் கழித்து காத்மாண்டுவில் ஒரே சட்டையில் மைல்கல் தொட்டார்கள்.

அந்த வருஷம் ஆஷாலதாவுக்கு உச்சம். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் 2018-19க்கான சிறந்த வீராங்கனை விருது கிடைத்தது. ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருதுக்கான கடைசி மூவரில் இவர் பெயரும் வந்தது. மற்ற இருவர் சீனாவின் லி யிங், ஜப்பானின் சாகி குமகாய். விருதை வென்றது குமகாய். 2011 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ஜப்பானுக்கு வெற்றியைத் தந்த கடைசி பெனால்டியை அடித்தவர் அவர். அவரும் டிஃபெண்டராக ஆடுகிறவர்தான். உலக சாம்பியனோடு ஒரே பட்டியலில் நின்ற நேரத்தில், ஆஷாலதாவின் அந்த வருஷத்து லீக் எவ்வளவு நீளம் தெரியுமா?

18 நாள் லீக்... ஒரு வருஷ கேரியர்!

மே 5-ல் தொடங்கி மே 22-ல் முடிந்துவிட்டது. மொத்தம் 18 நாள். 12 அணிகள் இரண்டு பிரிவாக ஆடின. சாம்பியன் ஆன சேதுவே ஆடியது 7 போட்டிகள்தான். அதாவது நாட்டின் மிகப் பெரிய பெண்கள் லீக்கில் கோப்பை வரை போனவருக்குக்கூட ஒரு வருஷத்தில் ஏழு லீக் மேட்ச்.

மீதி மாதங்களில்? மாநில அணி, தேசிய முகாம், வேலையில் இருப்பவர்கள் என்றால் துறை அணி. இதில் இடம் கிடைக்காதவர்களுக்கு தனியாகப் பயிற்சிதான். கேரியர் என்று நாம் சொல்வது வருஷம் முழுக்க சம்பளம், மருத்துவம், மேட்ச் கிடைக்கிற ஒரு வாழ்க்கையை. அது இந்தியப் பெண் வீராங்கனைகளுக்கு நீண்ட காலம் இல்லவே இல்லை.

டிஃபெண்டர்களுக்கு இதில் கூடுதல் பாதிப்பு உண்டு. தனியாகப் பந்து வைத்துக்கொண்டு ஷூட்டிங் பழகலாம். ஆனா பின்வரிசையில் நான்கு பேர் சேர்ந்து ஏறி இறங்குவதைத் தனியாகப் பழக முடியாது. அதற்கு மேட்ச் வேண்டும்.

இப்போது ஏதாவது மாறியிருக்கிறதா?

கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023-24 சீசனில் லீக், சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் ஆடுகிற முறைக்கு வந்தது. அந்த சீசனில் 7 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 12 போட்டி. 2024-25-ல் 8 அணிகள், தலா 14 போட்டி. 2019-ன் ஏழோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு.

சம்பளத்திலும் ஒரு விதி வந்தது. முதல் நிலை லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 3.2 லட்ச ரூபாய் ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும் என்று 2023-ல் சம்மேளனம் அறிவித்தது. மாதக் கணக்கில் சுமார் 26,600 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனா "விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்கிற வீட்டில் காட்டுவதற்கு ஒரு எண்ணாவது வந்திருக்கிறது.

சேதுவுக்கு எதிராக அந்த கோல்!

ஆஷாலதா பிறகு கேரளாவின் கோகுலம் கேரளா கிளப்புக்கு ஆடினார். இதில் துரோகம் எதுவும் இல்லை. ஒப்பந்தம் குறுகிய காலத்துக்குத்தான் என்பதால் பெண்கள் லீக்கில் கிளப் மாறுவது சகஜம்.

2021-22 சீசன் லீக் புவனேஸ்வரில் நடந்தது. கடைசி நாள் வரை பத்துக்குப் பத்து ஜெயித்து வந்தவை இரண்டே அணிகள்: கோகுலம், சேது. 2022 மே 26-ல் இரண்டும் நேருக்கு நேர் மோதின. கோல் வித்தியாசத்தில் முன்னிலையில் இருந்ததால் கோகுலத்துக்கு டிரா போதும். சேது ஜெயித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது நிமிஷத்திலேயே சேதுவின் ரேணு ராணி கோல் அடித்துவிட்டார். கோப்பை மறுபடியும் மதுரைக்கு வருமோ என்ற நேரத்தில், 14-வது நிமிஷத்தில் கோகுலத்துக்காக சமன் செய்தவர் ஆஷாலதா. பிறகு எல்ஷடாய் அச்சியாம்போங்கும் மனிஷா கல்யாணும் ஆளுக்கொரு கோல் அடிக்க, 3-1 என கோகுலம் சாம்பியன். சேதுவுக்கு இரண்டாம் இடம். 2019-ல் மதுரை அணிக்குக் கோப்பை வாங்கித்தந்த அணியில் ஒருவராக இருந்தவர், 2022-ல் அந்தக் கோப்பை கைநழுவக் காரணமானார்.

2022: ஆடாமலே போன இரண்டு வாய்ப்புகள்

அந்த கோப்பை தவிர, 2022 ஆஷாலதாவுக்குக் கசப்பான வருஷம். இரண்டு பெரிய வாய்ப்புகள் மைதானத்துக்கு வெளியே பறிபோயின.

முதலாவது, ஜனவரியில் இந்தியாவே நடத்திய பெண்கள் ஆசியக் கோப்பை. உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றும் அதுதான். கேப்டன் ஆஷாலதா. ஜனவரி 20-ல் நவி மும்பையில் இரானோடு 0-0 டிரா. டிஃபெண்டர்கள் கோல் விடவில்லை. ஆனா அணிக்குள் கொரோனா பரவியது. 23-ம் தேதி சீன தைபேயுடன் ஆடக் குறைந்தபட்சம் 13 பேர் வேண்டும். அத்தனை பேர் தேறவில்லை. அந்த மேட்ச் நடக்கவே இல்லை. விதிப்படி இந்தியா தொடரில் இருந்தே விலகியதாகக் கணக்கு. இரானுடன் ஆடிய போட்டியும் செல்லாததாகிவிட்டது. சொந்த மண்ணில், பல வருஷப் பயிற்சி, ஒரே மேட்ச்சில் முடிந்தது.

இரண்டாவது, ஆகஸ்ட்டில். இந்திய சாம்பியனாக கோகுலம் அணி, ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்தது. அதே நேரம் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருப்பதாகச் சொல்லி ஃபிஃபா தடை விதித்தது. தடை நாட்டுக்கே என்பதால் கிளப்பும் ஆட முடியாது. தலையிடுமாறு பிரதமருக்கு கிளப் கோரிக்கை வைத்தும் பலன் இல்லை. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் அணி ஊர் திரும்பியது. ஆகஸ்ட் 26-ல் தடை நீங்கியது. அதற்குள் வாய்ப்பு போய்விட்டது.

இரண்டிலும் வீராங்கனைகள் தோற்கவில்லை. ஒன்றில் நோய், இன்னொன்றில் நிர்வாகம். ஆனா ஒரு டிஃபெண்டரின் கேரியரில் 28, 29 வயது என்பது அனுபவமும் உடம்பும் ஒன்றாகக் கைகொடுக்கிற காலம். ஆஷாலதாவுக்கு 2022-ல் சரியாக அந்த வயது.

மதுரைப் பொண்ணுங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

தமிழ்நாடு பெண்கள் கால்பந்தில் பின்தங்கிய மாநிலம் இல்லை. சீனியர் தேசிய சாம்பியன்ஷிப்பை இரண்டு முறை வென்றிருக்கிறது. 2018-ல் இறுதிப்போட்டியில் மணிப்பூரையே 2-1 என வீழ்த்தியது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் சேதுவுக்கும் ஆடினார்கள், இந்தியாவுக்கும் ஆடினார்கள்.

ஆனா இவர்கள் நடுகளம், முன்களம். இந்திய அணியின் பின்வரிசையில் நிலையான இடம் பிடித்து 100 மேட்ச் ஆடுகிற அளவுக்குத் தமிழ்நாட்டுப் பெண் இன்னும் வரவில்லை. பள்ளி அணியில் டிஃபெண்டராக யாரைப் போடுகிறார்கள் என்று பாருங்கள். கோல் அடிக்கத் தெரியாதவர், ஓட முடியாதவர் என்று மிச்சம் இருப்பவரைப் பின்னால் நிறுத்துகிற பழக்கம் இன்னும் பல மைதானங்களில் உண்டு. அங்கேயே பாதி ஆட்டம் தோற்றுவிடுகிறது.

வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. பள்ளிப் போட்டிகளில் ஆடுகிறவர்கள் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வுக்கு முயற்சி செய்யலாம். மதுரையில் ஆணையத்தின் மைதானம் ரேஸ்கோர்ஸில் இருக்கிறது. மாவட்ட அணி, மாநில சப் ஜூனியர், ஜூனியர் அணி, பிறகு கிளப் என்பதுதான் படி. தேசிய அளவில் சாதித்தவர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் இருக்கிறது. தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டரான இந்துமதி அதற்குக் கண்முன் இருக்கிற உதாரணம்.

2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என வீழ்த்தி, தகுதிச் சுற்று வழியாக முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இந்தியப் பெண்கள் அணி. 2022-ல் பாதியில் நின்றுபோன பாதை மறுபடி திறந்தது. சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த இரண்டு கோலும்தான் வீடியோவாக வந்தது. ஒரு கோலுக்கு மேல் விடாமல் காத்த பின்வரிசைக்கு வீடியோ கிடையாது.

அடுத்த முறை சேது மேட்ச்சோ இந்திய மேட்ச்சோ பார்க்கும்போது, ஒரு பத்து நிமிஷம் பந்தை விட்டுவிட்டு பின்னால் நிற்கிற நான்கு பேரை மட்டும் கவனித்துப் பாருங்கள். யார் கத்துகிறார், யார் கோட்டைப் பிடிக்கிறார், யார் ஆளை ஓரம் கட்டுகிறார் என்று தெரியும். ஆஷாலதா 100 மேட்ச்சாகச் செய்த வேலை அதுதான்.